சொந்தக் காலில் நிற்கும் கொடி: கொலாரிஷ் மணலில் ரமிஷ்கு திராட்சை

ஆளுயரத்துக்கும் அதிக ஆழமான மணல் குழி. அடியில் ஒருவர் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறார். தலையில் ஒரு பிரம்புக்கூடையைக் கவிழ்த்திருக்கிறார். வெயிலுக்குப் போட்ட தொப்பி என்று நினைத்துவிட வேண்டாம். பக்கத்து மணல் சரிந்து அவரை மூடிவிட்டால், கூடைக்குள் தங்கும் கொஞ்சம் காற்றை வைத்து, மேலே நிற்பவர்கள் தோண்டி எடுக்கும்வரை அவர் மூச்சுவிட முடியும். போர்ச்சுகலின் கொலாரிஷ் வட்டாரத்தில் பல தலைமுறைகளாகத் திராட்சை நட்டது இந்த விதத்தில்தான். கிணறு வெட்டுவது போன்ற வேலை, கிணறு வெட்டுவதைவிடக் கூடுதல் ஆபத்து. அவ்வளவும் முடிந்த பிறகு குழிக்குள் வைப்பது விரல் தடிமன் உள்ள ஒரு திராட்சைக் குச்சி.

அந்தக் குச்சியின் பெயர் ரமிஷ்கு. போர்ச்சுகலுக்கென்று இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சொந்தத் திராட்சை வகைகள் உண்டு என்று கணக்குச் சொல்வார்கள். தூரிகா நசியோனல், பாகா போன்றவை உலகச் சந்தைவரை பெயர் வாங்கிவிட்டன. ரமிஷ்கு அப்படி ஊர் சுற்றவில்லை. கொலாரிஷ் மணலை விட்டால் அதை வேறெங்கும் பார்ப்பது அரிது. அந்த மணலிலும் இப்போது மிஞ்சியிருப்பது சில பத்து ஹெக்டேர் மட்டுமே. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு லிஸ்பனின் நல்ல உணவு மேசைகளில் கொலாரிஷ் சிவப்பு ஒயினுக்குத் தனி மரியாதை இருந்தது. அந்த மரியாதையை வளர்த்ததில் ஒரு பூச்சிக்கும் பங்கு உண்டு. அதை அழித்ததில் எந்தப் பூச்சிக்கும் பங்கில்லை. இந்தக் கதையில் எனக்குச் சுவாரசியமாகப் படும் முரண் இதுதான்.

முதலில் இடத்தைப் பார்த்துவிடலாம். லிஸ்பனுக்கு வடமேற்கே சிந்த்ரா மலை. அரண்மனைகளும் மூடுபனியும் சுற்றுலாப் பயணிகளும் நிறைந்த ஊர் அது. மலையின் மேற்குச் சரிவு இறங்கி அட்லாண்டிக் கடலைத் தொடும் பகுதிதான் கொலாரிஷ். ஐரோப்பிய நிலப்பரப்பின் மேற்குக் கடைமுனையான ரோக்கா முனையும் இந்த வட்டாரத்துக்குள்தான் வருகிறது. அதற்கப்பால் அமெரிக்காவரை நீர்தான். கோடையில்கூடக் காலை நேரத்தில் கடல் மூட்டம் கவிந்திருக்கும். காற்று எப்போதும் உப்பைச் சுமந்து வரும். நல்ல வெயில் வேண்டும் என்று திராட்சைக்காரர்கள் ஏங்கும் ஒரு தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமில்லாத இடத்தை யோசிப்பது கடினம்.

இங்குள்ள நிலத்தை ஊர்க்காரர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று கெட்டித் தரை, அதாவது களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த உள்நாட்டு நிலம். மற்றொன்று மணல் தரை. கடற்காற்று காலங்காலமாகக் கொண்டுவந்து குவித்த மணல், பழைய களிமண் படுகையின் மேல் போர்வைபோல் கிடக்கிறது. போர்வையின் கனம் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று மீட்டர் என்பது சாதாரணம். பத்து மீட்டர்வரை தோண்டியதாகவும் பழைய குறிப்புகள் உண்டு. வெறும் மணலில் சத்தும் கிடையாது, ஈரமும் தங்காது. எனவே கொடியின் அடியைக் களிமண்ணில் ஊன்ற வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குழி. குச்சியைக் களிமண்ணில் பதித்து மேலே கொஞ்சம் மணல் தள்ளுவார்கள். அது வளர வளர, அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலும் மணல் தள்ளிக் குழியை நிரப்புவார்கள். கடைசியில் தரை மட்டத்துக்கு மேல் தெரிவது கொடியின் நுனி மட்டும்தான். உடம்பு முழுக்க மணலுக்குள் புதைந்திருக்க, வேர் களிமண்ணில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவு பாடுபடுவதற்கு என்ன தேவை, பக்கத்திலேயே கெட்டித் தரை இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். 1860கள்வரை இந்தக் கேள்விக்குச் சொல்லக்கூடிய விடை, மணல் ஒயினின் சுவை வேறு என்பதுதான். அதன் பிறகு கேள்வி கேட்க ஆளே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் கெட்டித் தரைக் கொடிகள் செத்துக்கொண்டிருந்தன.

கொன்றது ஃபிலாக்சரா. செடிகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் அசுவினிக்கு நெருங்கிய சொந்தம். ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாத மஞ்சள் நிறப் பூச்சி. அதன் பூர்விகம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி. அமெரிக்கத் திராட்சைச் செடிகளை ஆர்வலர்கள் ஐரோப்பாவுக்குத் தருவிப்பது வெகுகாலமாக நடந்துவந்ததுதான். பாய்க்கப்பல் காலத்தில் பயணம் நீண்டது, பூச்சி வழியிலேயே செத்தது. நீராவிக்கப்பல் வந்து பயண நாட்களைக் குறைத்ததும் பூச்சி உயிரோடு வந்து இறங்கியது என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். வந்து இறங்கியதும் அது நேராக வேருக்குப் போனது. வேரைக் குத்திச் சாறு குடித்தது. குத்திய இடம் வீங்கி அழுகியது. மூன்று நான்கு ஆண்டுகளில் கொடி பட்டுப்போனது.

ஆரம்பத்தில் யாருக்கும் காரணம் பிடிபடவில்லை. இதில் ஒரு நயவஞ்சகம் உண்டு. கொடி சாகும் தறுவாயில் வேரில் சாறு வற்றிவிடும், பூச்சி அடுத்த கொடிக்குப் போய்விடும். செத்த கொடியைப் பிடுங்கிப் பார்த்தவர்களுக்கு அழுகிய வேர் கிடைத்ததே தவிர, குற்றவாளி கிடைக்கவில்லை. 1868இல் தெற்கு பிரான்சில் தாவரவியலாளர் பிளான்ஷோனும் உடன்சென்றவர்களும் பக்கத்தில் இன்னும் பச்சையாக இருந்த கொடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்த பிறகுதான் வேர் முழுக்க மஞ்சள் புள்ளிகளாகப் பூச்சிகள் அப்பியிருப்பது தெரிந்தது. தீர்வு கண்டுபிடிப்பவருக்கு 3,00,000 பிராங்க் பரிசு என்று பிரெஞ்சு அரசு அறிவித்தது. மண்ணுக்குள் நச்சு வேதிப்பொருளை ஊசிபோல் செலுத்தினார்கள். தோட்டத்தைக் குளமாக்கி வாரக்கணக்கில் தண்ணீர் கட்டிப் பூச்சியை மூழ்கடித்தார்கள். பரிசுப் பணம் கடைசிவரை யாருக்கும் கொடுக்கப்படவில்லை.

போர்ச்சுகலிலும் அதே 1860களில் டோரோ பள்ளத்தாக்கில் பூச்சி தென்பட்டது. போர்ட் என்ற புகழ்பெற்ற இனிப்பு ஒயினின் தாய்மடி அது. மலைச்சரிவில் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டு வயல்கள் அடுத்தடுத்து வெறிச்சோடின. திரும்ப நடப்படாமலே கைவிடப்பட்ட அந்தப் படிகளை இன்றும் பார்க்கலாம். சாவு என்ற பொருள் தொனிக்கும் ஒரு சொல்லால்தான் அப்பகுதி மக்கள் அவற்றை அழைக்கிறார்கள். சிலவற்றில் ஒலிவ மரங்கள் நிற்கின்றன, பலவற்றில் புதர்.

கடைசியில் பிழைக்க வழி காட்டியது, பூச்சியை அனுப்பிவைத்த அமெரிக்காவே. அங்குள்ள காட்டுத் திராட்சை வகைகள் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பூச்சியோடு கூடவே வாழ்ந்தவை. குத்து விழுந்த இடத்தைத் தக்கைபோன்ற திசுவால் அடைத்துக்கொள்ள அவற்றின் வேருக்குத் தெரியும். அவற்றின் பழம் ஐரோப்பிய நாக்குக்கு ஒத்துவராது, ஆனால் வேர் வேண்டும். எனவே ஒட்டு மாங்கன்று கட்டுவதுபோல் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டினார்கள். இன்று உலகின் பெரும்பாலான ஒயின் திராட்சைகள் அந்த ஏற்பாட்டில்தான் வாழ்கின்றன. பிரெஞ்சுக் கொடி என்றோ இத்தாலியக் கொடி என்றோ பெருமையாகச் சொல்வதெல்லாம் முழங்காலுக்கு மேலேதான், கீழே கால் அமெரிக்கக் கால்.

ஒட்டுக்கட்டாமல் தன் வேரிலேயே வளரும் கொடியைப் போர்ச்சுகீசியர் ‘பே பிராங்கு’ என்பார்கள். பே என்றால் கால், பிராங்கு என்றால் கட்டற்றது. சொந்தக் காலில் நிற்பது என்று நாம் சொல்வோமே, கிட்டத்தட்ட அதே சொல்லாட்சி. கொலாரிஷ் மணலில் நிற்கும் ரமிஷ்கு அப்படிப்பட்டது.

காப்பாற்றியது மணல். ஃபிலாக்சரா கொடிக்குக் கொடி போக வேண்டுமென்றால் மண்ணில் வழி வேண்டும். களிமண் காயும்போது வெடிக்கும். அந்த வெடிப்புகள்தான் அதற்குச் சாலை. மணலில் வெடிப்பு விழாது. பூச்சி நுழையப் பார்க்கும் இடைவெளியை உருண்டுவரும் அடுத்த மணல்துகள் அடைத்துவிடும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கொலாரிஷ் கொடியின் வேர் இருப்பது பூச்சிக்குப் பிடித்தமான களிமண்ணில்தான். மேலே கிடக்கும் மீட்டர் கணக்கான மணல் ஒரு பூட்டிய கதவு. உள்ளே விருந்து இருந்தும் வாசலைத் தாண்ட முடியாத நிலை பூச்சிக்கு. மண்ணியல் தற்செயலாகக் கட்டிவைத்த பாதுகாப்பு இது, எந்த விஞ்ஞானியும் யோசித்துச் செய்ததில்லை. உலகில் இதுபோன்ற மணல் புகலிடங்கள் வேறு சிலவும் உண்டு. பிரான்சின் தென்கரையில், ஹங்கேரியின் மணல் சமவெளியில், கிரேக்கத் தீவான சாந்தோரினியின் எரிமலைச் சாம்பலில். சிலி நாட்டுக்கோ பூச்சி போய்ச் சேரவே இல்லை.

ஊரெல்லாம் பஞ்சம் வந்தபோது கொலாரிஷுக்கு மட்டும் விளைச்சல். விலை ஏறியது, தோட்டம் பெருகியது, பெயர் பரவியது. பிரான்சின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான போர்தோவோடு ஒப்பிட்டு, போர்ச்சுகலின் போர்தோ என்று புகழ்ந்தார்கள். புகழ் வந்தால் போலியும் வரும். வேறு ஊர் ஒயினைப் பீப்பாயில் ஊற்றிக் கொலாரிஷ் என்று விற்பது லாபகரமான வியாபாரமாயிற்று. 1908இல் அரசு கொலாரிஷின் எல்லையை வரைந்து, அதற்குள் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று சட்டம் செய்தது. நாட்டின் பழைய எல்லை வரையறுத்த ஒயின் வட்டாரங்களில் ஒன்று இது. 1931இல் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. போர்ச்சுகலின் மிகப் பழைய ஒயின் கூட்டுறவு என்று அதையே சொல்கிறார்கள். பின்பு வந்த சட்டம், மணல் திராட்சையை ஒயினாக்கும் உரிமையையே அந்தச் சங்கத்திடம் ஒப்படைத்தது. வணிகர்கள் அங்கே புது ஒயினை வாங்கித் தங்கள் கிடங்கில் பழமையாக்கித் தங்கள் பெயரில் விற்றார்கள். போலியைத் தடுத்தது உண்மைதான். ஆனால் எல்லோருடைய திராட்சையும் ஒரே தொட்டியில் விழும்போது, அக்கறையாக வளர்த்தவனுக்கும் ஏனோதானோ என்று வளர்த்தவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அந்தத் தனியுரிமை 1990களில்தான் நீங்கியது.

தோட்டத்துக்குத் திரும்புவோம், எனக்குப் பிடித்த பகுதி அதுதான். திராட்சை என்றாலே நம் மனத்தில் பந்தல் வரும். ஐரோப்பா என்றால் கம்பி கட்டி வரிசையாக நிற்கும் வேலி வரும். கொலாரிஷில் இரண்டும் கிடையாது. பூசணிக்கொடிபோலத் தரையில் படர்ந்து கிடக்கும். காற்று அப்படி. நிமிர்ந்து நின்றால் உப்புக்காற்று இலையைக் கருக்கிவிடும், தாழ்ந்து கிடப்பதே பிழைக்கும் வழி. தாழ்ந்து கிடந்தும் போதாதென்று, காய்ந்த நாணலைக் கோத்துத் தட்டி கட்டி, சின்னச் சின்னக் கட்டங்களாகத் தோட்டத்தைப் பிரித்துவைக்கிறார்கள். கொல்லைப்புறத்தில் மறைப்புக்குக் கட்டும் தட்டியைப் போன்றதுதான், ஒவ்வோர் ஆண்டும் பழுது பார்க்க வேண்டும். சில இடங்களில் சாந்தில்லாமல் அடுக்கிய கல்சுவர். இடையிடையே ஆப்பிள் மரங்களும் தாழ்வாகவே வளர்கின்றன. அந்த ஆப்பிள் தனிப்புகழ் பெற்றது. பக்கத்துக் கடற்கரைக்கு ஆப்பிள் கடற்கரை என்றே பெயர். தோட்டங்களிலிருந்து ஓடையில் விழுந்த பழங்கள் கடலுக்குப் போய்க் கரையில் ஒதுங்கியதால் வந்த பெயராம். உண்மையோ பொய்யோ, கேட்க நன்றாக இருக்கிறது.

தரையில் கிடக்கும் கொடிக்கு ஒரு சிக்கல். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் மணல் கொதிக்கும். மணலில் படிந்த குலை வெந்துபோகும். அதனால் கோடையில் ஒவ்வொரு கிளையாகத் தூக்கி, அடியில் முழ நீள நாணல் துண்டை முட்டுக்கொடுக்கிறார்கள். குலை தரையிலிருந்து ஓரிரு சாண் உயரத்தில் தொங்கும். அங்கே ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. பகலில் சூடேறிய மணல், சூரியன் சாய்ந்த பிறகும் மெல்ல வெப்பத்தை மேலே விட்டுக்கொண்டிருக்கும். மூடுபனி ஊரில் பழுக்கத் திணறும் ரமிஷ்குவுக்கு அதுதான் இரண்டாவது சூரியன். தொட்டால் சுடும், விலகினால் குளிரும், சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். இந்த வேலையில் எதற்கும் இயந்திரம் இல்லை. குனிந்தும் மண்டியிட்டும் கையால் செய்ய வேண்டும். கவாத்து, முட்டு, தட்டி, அறுவடை அனைத்தும் முழங்கால் உயரத்துக்குக் கீழே நடக்கும் வேலைகள்.

இனி, பழங்கொடி என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஒயின் பாட்டில்களில் பழங்கொடி என்று அச்சிட்டிருந்தால் விலை ஒரு படி கூடும். எத்தனை வயதானால் பழசு என்பதில் வெகுகாலம் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பு 2024இல்தான் 35 ஆண்டு என்று ஒரு வரையறையை ஏற்றது. கொடிக்கு அது நடுவயது என்றே சொல்ல வேண்டும். ஸ்லோவேனியாவின் மாரிபோர் நகரில் ஒரு வீட்டுச் சுவரில் படர்ந்திருக்கும் கொடிக்கு வயது நானூறுக்கு மேல், இன்னும் காய்க்கிறது.

வயதான கொடி குறைவாகக் காய்க்கும். குறைவாகக் காய்ப்பதால் ஒவ்வொரு குலையிலும் செறிவு கூடும் என்பது பரவலான நம்பிக்கை. தடித்த தண்டில் மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கும், வேர் ஆழத்துக்குப் போயிருக்கும், ஒரு வறட்சிக்கோ ஒரு பெருமழைக்கோ இளங்கொடிபோல் பதறாது. இதுவரை சரி. ஆனால் பழசு என்பதாலேயே ஒயின் உயர்ந்துவிடும் என்று அடித்துச் சொல்ல ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. எனக்குத் தோன்றும் ஐயம் ஒன்று உண்டு. மோசமான இடத்தில், மோசமான வகையை நட்டவர்கள் முப்பது ஆண்டுக்குள் பிடுங்கிப்போட்டிருப்பார்கள். இன்று பழங்கொடி என்று மிஞ்சி நிற்பவை, நல்ல ஒயின் கொடுத்ததால்தான் பிடுங்கப்படாமல் தப்பியவை. அப்படியானால் பழசு என்பதால் நல்லதா, நல்லது என்பதால் பழசானதா?

கொலாரிஷில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சும் விழுகிறது. சொந்தக் காலில் நிற்கும் கொடியில் பதியம் போடலாம். ஒரு கிளையை வளைத்து மண்ணுக்குள் புதைத்தால் அங்கே வேர்விட்டு இன்னொரு கொடியாகும். பக்கத்தில் ஒரு கொடி பட்டுப்போனால் அந்த இடத்தைத் தாய்க்கொடியே நிரப்பும். ஒட்டுக்கட்டிய கொடியில் இதைச் செய்தால் அபாயம், ஏனென்றால் புதைத்த கிளையிலிருந்து வருவது ஐரோப்பிய வேர், பூச்சிக்கு நேரே படைத்த படையல். ஆகவே பூச்சி வந்த ஊர்களில் பதியம் என்ற கலையே ஒயின் தோட்டத்திலிருந்து ஏறக்குறைய மறைந்தது. மணலில் அது தொடர முடிந்தது. இப்படித் தாயும் சேயும் ஒரே உடம்பாகக் கிடக்கும் தோட்டத்தில், இந்தக் கொடிக்கு வயது என்ன என்று கேட்டால் எதைக் காட்டிச் சொல்வது? மேலே தெரியும் தண்டுக்குப் பத்து வயது இருக்கலாம், கீழே புதைந்திருக்கும் உடம்புக்கு நூறு இருக்கலாம். நடவு முறையே உடம்பை மறைத்துவிடுவதால், டோரோவில் பார்ப்பதுபோல் முறுக்கேறிய கிழட்டுத் தண்டைப் புகைப்படம் எடுத்துக் காட்டவும் முடியாது.

சரி, ஒயின் எப்படி இருக்கும்? இளமையில் குடித்தால் முகம் சுளிக்க வைக்கும் என்பதுதான் நேர்மையான பதில். ரமிஷ்கு மணி சிறியது, தோல் தடித்தது. துவர்ப்பு முழுக்கத் தோலிலும் கொட்டையிலும் இருக்கிறது. மணி சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நாவல்பழம் தின்ற நாக்கு எப்படி இழுத்துப் பிடிக்குமோ அப்படி இழுக்கும். அதோடு குளிர்ந்த கடலோரத்தில் விளைவதால் புளிப்பு குறையாது, இனிப்பு ஏறாது. இனிப்பு ஏறாததால் சாராயச் சத்தும் குறைவு, 11 முதல் 12.5 சதவீதத்துக்குள் நிற்கும். இன்று வெயில் நாடுகளிலிருந்து 14, 15 சதவீதத்தோடு வரும் கனத்த, கருத்த, பழக்கூழ் போன்ற ஒயின்களைப் பழகியவர்களுக்கு இது மெலிந்த ஒயினாகப் படும். நிறமும் அடர்த்தி இல்லாத மாதுளைச் சிவப்புதான்.

ஆனால் அந்தப் புளிப்பும் துவர்ப்பும்தான் அதன் ஆயுள் காப்பீடு. ஊறுகாய் கெடாமல் இருக்கப் புளிப்பும் உப்பும் செய்கிற வேலையை இங்கே இவை செய்கின்றன. மரத்தொட்டியிலும் பாட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் துவர்ப்புத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து அடியில் படியும், நாக்கை இழுப்பது குறையும். பத்து, இருபது ஆண்டு கழித்துத் திறந்தால் காய்ந்த செர்ரி, மரப்பிசின், ஈரக்காட்டு மண், பின்னால் மெல்லியதாக ஒரு கடல் உப்பு என்று வாசனைகளைப் பட்டியலிடுகிறார்கள் அதில் தேர்ந்தவர்கள். 1808இல் தொடங்கிய வியூவா கோமிஷ் என்ற கிடங்கின் 1934ஆம் ஆண்டு பாட்டில்களை அண்மைக்காலத்தில் திறந்தவர்கள்கூட உயிரோட்டம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். உப்பு எங்கிருந்து வந்தது, காற்று படிந்த தோலிலிருந்தா, குடிப்பவரின் கற்பனையிலிருந்தா என்பதைப் பற்றி நான் வாதாட மாட்டேன்.

பீப்பாய் என்று மேலே எழுதினேன். அந்தச் சொல்லே இந்த ஊர்க்காரர்கள் நம் கரையில் இறக்கிவிட்டுப் போனதுதான். ‘பிபா’ என்பது போர்ச்சுகீசிய மொழியில் ஒயின் உருளைக்குப் பெயர், டோரோவில் 550 லிட்டர் என்ற அளவுக்கும் பெயர். மேசை, சாவி, ஜன்னல், அலமாரி வந்த கப்பலிலேயே அதுவும் வந்தது. ஈழத் தமிழில் காடிக்கு வழங்கும் விநாகிரி என்ற சொல்லும் அப்படியே, புளித்துப்போன ஒயின் என்பதுதான் அதன் மூலப்பொருள். ஒயினை நாம் பெரிதாக ஏற்கவில்லை, அது புளித்ததையும் அதை அடைத்த பாத்திரத்தையும் எடுத்துக்கொண்டோம்.

கதையின் சரிவுக்கு வருவோம். முதல் அடி, ஒட்டுக்கட்டும் முறையின் வெற்றி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்ற வட்டாரங்கள் அமெரிக்க வேரோடு மீண்டு வந்துவிட்டன. அவர்களுக்கு மூன்று மீட்டர் குழி வேண்டாம், நாணல் தட்டி வேண்டாம், ஒரு கொடிக்கு விளைச்சலும் அதிகம். மணலின் தனிச்சலுகை போயிற்று, மணலின் செலவு மட்டும் நின்றது. கொலாரிஷ் தன் பெயரை வைத்துக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதன் பிறகு வந்த எதிரிக்கு மணல் கதவு எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

லிஸ்பனிலிருந்து சிந்த்ராவுக்கு 1887இல் ரயில் வந்தது. சிந்த்ராவிலிருந்து ஆப்பிள் கடற்கரைக்கு 1904இல் டிராம் ஓடத் தொடங்கியது, இன்றும் சுற்றுலாவுக்காக ஓடுகிறது. கடல் பார்க்கும் மேட்டுநிலம், தலைநகரிலிருந்து அரைநாள் பயணம்கூட இல்லை. திராட்சைக்குப் பிடித்த அதே இடம் கோடை வீட்டுக்கும் பிடித்தது. தாத்தா காலத்தில் பிரித்துப் பிரித்து ஏற்கெனவே துண்டான நிலம். ஒவ்வொரு துண்டும் ஒரு தோட்டத்துக்குச் சிறியது, ஒரு வீட்டுக்கு அளவானது. முதுகொடியக் குனிந்து ஆண்டுக்குச் சில நூறு பாட்டில் எடுப்பதா, மனையாக விற்றுவிட்டுப் போவதா என்ற கேள்விக்குப் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவது விடையைச் சொன்னதில் குறைகாண முடியாது. லிஸ்பனுக்கு மேற்கே கடலோரமாகக் கர்கவேலுஷ் என்று இன்னொரு புகழ்பெற்ற ஒயின் ஊர். அதன் கதி இன்னும் மோசம், ஏறக்குறைய முழுவதும் அடுக்குமாடிகளுக்குள் போய்விட்டது. சிந்த்ரா மலையையும் அதன் கடலோரத்தையும் இயற்கைப் பூங்காவாக அறிவித்து, கட்டடங்களுக்குக் கடிவாளம் போட்டிருக்காவிட்டால் கொலாரிஷும் அந்த வழியில்தான் போயிருக்கும். காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் பறவைகளும் பாறைகளும் முதலில் இருந்திருக்கலாம், கொடிக்கும் சேர்த்து நிழல் விழுந்தது.

மணல் நிலத்தின் ரமிஷ்கு குறைந்தது 80 சதவீதமாவது இருந்தால்தான் சிவப்பு ஒயின் பாட்டிலில் கொலாரிஷ் என்று போடலாம் என்பது விதி. கெட்டித் தரையில் விளைந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது. விதியைத் தளர்த்தியிருந்தால் அளவு பெருகியிருக்கும், பெயரும் பரவியிருக்கும். தளர்த்தவில்லை. கிடைக்கும் கொஞ்சத்தைப் பங்கிட வேண்டியிருப்பதால், கூட்டுறவுச் சங்கம் தன் ரமிஷ்குவை வழக்கமான 750 மில்லிக்குப் பதில் 500 மில்லி பாட்டிலில் அடைக்கிறது.

கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் காற்று கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. ஒரு கலாசார அறக்கட்டளை மணலில் நிலம் வாங்கிப் புதிதாக நட்டது. ஒயினுக்காகவே ஊர் ஊராக அலையும் இளம் தயாரிப்பாளர்கள் சிலர் பழைய துண்டுநிலங்களைக் குத்தகைக்கு எடுக்கிறார்கள். லாத்வியாவில் 1911இல் பிறந்து 1960களில் இங்கே பண்ணை வாங்கிய போடோ ஃபன் ப்ரூமர் என்ற சீமான், 95 வயதில் தன் முதல் திராட்சைக் கொடிகளை நட்டார். மருத்துவர்கள் தடுக்கவில்லை போலும். 2016இல் 105 வயதில் காலமாகும்வரை அவருடைய ஒயின்கள் சந்தைக்கு வந்துகொண்டிருந்தன, ரமிஷ்குவும் அந்தப் பண்ணைப் பெயரில் வருகிறது. அலைகடலளவு சர்க்கரையும் சாராயமும் சலித்துப்போய், மெலிந்த, புளிப்பான, சீக்கிரம் பிடிபடாத ஒயினைத் தேடும் கூட்டம் ஒன்று லண்டனிலும் நியூயார்க்கிலும் இப்போது இருப்பது இவர்களுக்குச் சாதகம். நேற்றுவரை குறை என்று எண்ணப்பட்டவை எல்லாம் அந்தக் கூட்டத்துக்கு லட்சணங்கள்.

குழி வெட்டுவது மட்டும் மாறிவிட்டது. இப்போது மண்வாரி இயந்திரம் மணலை அள்ளிக் களிமண்வரை பள்ளம் போடுகிறது, கூடை தேவைப்படுவதில்லை. குச்சியை ஊன்றுவதும் மணல் தள்ளுவதும் முட்டுக்கொடுப்பதும் இன்னும் கைவேலைதான். கோடையில் அசேன்யாஷ் து மார் என்ற பாறைமுனைக் கிராமத்தை நோக்கிக் காரில் போகிறவர்களுக்குச் சாலையோரத்தில் வரிசை வரிசையாக வெளிறிய நாணல் தட்டிகள் தென்படும். யாரோ வெற்று மணலுக்கு வேலி கட்டியிருப்பதாகத்தான் தோன்றும். வண்டியை நிறுத்தி, தட்டிக்கு மேலே எட்டிக் கீழே பார்த்தால்தான் இலையும், இலைக்கு அடியில் நாணல் முட்டின் மேல் சாய்ந்திருக்கும் சிறிய கருநீலக் குலைகளும் கண்ணில் படும்.